பனிக்கட்டி உருகல்: காரணத்தைச் சரியாக எழுதுவோம்

"பனிக்கட்டி உருகி நீராவது எவ்வகை மாற்றம்? காரணம் தருக." இவ்வினாவிற்கு மாணவர் பலர் "பௌதிக மாற்றம், ஏனெனில் அது மீளக்கூடியது" என எழுதுவர். முதற் பகுதி சரி. காரணம் போதாது.

முகவை ஒன்றில் பனிக்கட்டித் துண்டுகளை இட்டு, வெப்பமானியை வைத்து மெதுவாகக் கலக்குங்கள். உருகத் தொடங்கியதும் வாசிப்பு 0 பாகை செல்சியசை அண்டி நிற்கும். கடைசித் துண்டு உருகும்வரை அநேகமாக மாறாது. அப்படியாயின் சூழலிலிருந்து பெற்ற வெப்பம் எங்கே போயிற்று? நீர் மூலக்கூறுகளை ஒழுங்கான அமைப்பில் பிடித்து வைத்திருக்கும் மூலக்கூற்றிடை விசைகளைத் தளர்த்துவதற்கே அது செலவாயிற்று. 1 கிலோகிராம் பனிக்கட்டி இவ்வாறு உருக ஏறத்தாழ 334 கிலோயூல் வெப்பம் வேண்டும். இவ்வளவு வெப்பம் பெற்றும் மூலக்கூறினுள்ளே ஐதரசனையும் ஒட்சிசனையும் இணைக்கும் பிணைப்பு உடைவதில்லை. முன்னர் இருந்ததும் நீர் மூலக்கூறு, பின்னர் இருப்பதும் அதுவே. "புதிய பதார்த்தம் உண்டாகவில்லை, நிலை மட்டுமே மாறியது" என்பதே நீங்கள் எழுதவேண்டிய காரணம்.

கொதிநீரில் எழும் பெரிய குமிழிகளில் இருப்பதும் நீராவியே. அவை ஐதரசனும் ஒட்சிசனும் என எழுதிவிடாதீர்கள். அவ்வாயுக்களைப் பெற நீரை மின்பகுக்க வேண்டும். அது இரசாயன மாற்றம்.

மகனீசியம் நாடாவை எரித்துப் பாருங்கள் (சுவாலையை நேரே நோக்கலாகாது). 24 கிராம் மகனீசியம் 16 கிராம் ஒட்சிசனுடன் சேர்ந்து 40 கிராம் மகனீசியமொட்சைட்டைத் தரும். பளபளப்பான உலோகம் போய், வெண்ணிறத் தூள் வந்துள்ளது. இங்கு புதிய பதார்த்தம் உண்டு.

இனி மீள்தன்மைக்கு வருவோம். கடதாசியைக் கிழித்தால் மீண்டும் பழையபடி ஆக்கமுடியாது. ஆயினும் அது பௌதிக மாற்றமே. மாறாக, நீல நிறச் செப்புசல்பேற்றுப் பளிங்குகளை வெப்பமேற்றினால் நீரை இழந்து வெண்ணிறமாகும். ஆறியபின் நீர் சேர்த்தால் மீண்டும் நீலமாகும். இது மீளக்கூடியது, ஆனால் நீரற்ற செப்புசல்பேற்று வேறொரு பதார்த்தமாகையால் இரசாயன மாற்றம்.

மெழுகுதிரி எரியும்போது இரு மாற்றங்களும் நிகழும். மெழுகு உருகலையும் தகனத்தையும் பிரித்து எழுதுங்கள்.

பயிற்சி: பின்வருவனவற்றை வகைப்படுத்திக் காரணம் தருக.
உப்பளத்தில் உப்புப் படிதல், பால் தயிராதல், இரும்பாணி துருப்பிடித்தல், சுட்ட சுண்ணாம்பிற்கு நீரூற்றல்.
(இறுதியானதற்கு "வெப்பம் வெளிவரும்" என்பது மட்டும் விடையாகாது, உண்டாகும் பதார்த்தத்தின் பெயரையும் எழுதுக.)