80 ரூபாயில் அப்பளம் போட்ட அக்காமார்

தங்கச்சி, நீ கறித்தூள் பைக்கற் போட்டு விற்கப்போகிறாயாம், அம்மா சொன்னா. நல்ல விஷயம். அதுக்கு ஒன்றரை இலட்சம் லோன் எடுக்க யாரோ ஃபோர்மும் தந்திருக்கிறார்களாம். அந்த ஃபோர்மைக் கொஞ்ச நாளைக்கு அலுமாரிக்குள் வை. முதலில் இதை வாசி.

பம்பாயின் கிர்காம் பகுதியில், 1959 மார்ச் 15ஆம் திகதி, ஏழு குஜராத்திப் பெண்கள் தங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் கூடி அப்பளம் போட்டார்கள். அவர்களில் ஒருவர் ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட். சகன்லால் கரம்சி பரேக் என்ற சமூக சேவகரிடம் வாங்கிய 80 ரூபாய் கடன்தான் முதல். அன்றைக்குத் தேறியது நாலு பைக்கற். புலேஷ்வர் கடைத்தெருவில் ஒரு வியாபாரி அதை வாங்கிக்கொண்டார். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். இன்று 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பங்காளிகள். ஜஸ்வந்திபென்னுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

80 ரூபாய் கோடியாய்ப் பெருகிய அதிசயம் என்று இதை மேடையில் பேசுவார்கள். எனக்கு அதில் ருசி இல்லை. முதல் வருடம் முழுக்க அவர்கள் விற்றது 6,196 ரூபாய்க்குத்தான். நீ பார்க்க வேண்டியது அந்த முதல் ரெண்டு மூன்று வருடத்தை.

கடனில் தொடங்குவோம். எண்பது ரூபாய்க்கு அவர்கள் மாவும் சாமானும்தான் வாங்கினார்கள், மெஷின் வாங்கவில்லை. உனக்கும் இப்போதைக்கு மெஷின் வேண்டாம். செத்தல் மிளகாயும் மல்லியும் கொஞ்சமாக வாங்கி, காயவைத்து, வறுத்து, ஊர் மில்லில் கூலிக்கு அரைத்துக்கொள். நம்முடைய பக்கம் நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கிற நிலை வந்தது. நம்முடைய மட்டக்களப்பும் அவற்றில் ஒன்று. எல்லாரும் வட்டியைத்தான் திட்டுகிறார்கள். வட்டியை விடப் பொல்லாதது தவணை நாள். நீ கடைக்குப் போட்ட தூள் விற்றுக் காசாக ஒரு மாதம் செல்லும். தவணைக்காரர் ஏழாம் நாளே வாசலில் நிற்பார். அந்த இடைவெளியை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மற்றொன்று. காசு எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று உன் கொப்பியில் தெரிந்த பிறகு கடனைப் பற்றி யோசி.

கொப்பி என்றதும் முகத்தைச் சுளிக்காதே. சகன்லால் அந்தப் பெண்களிடம் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். ஒன்று, கணக்கை ஒழுங்காக எழுதுவது. மற்றது தரம். தொடக்கத்தில் அவர்கள் நல்லது ஒன்று, மலிவு ஒன்று என்று இரண்டு வகை போட்டார்கள். மலிவு வகையை விடுங்கள், ஒரே தரத்தில் போடுங்கள் என்றார் அவர். உனக்கு இந்தச் சோதனை சீக்கிரமே வரும். செத்தல் மிளகாய் விலை ஏறும்போது, "கொஞ்சம் அரிசி மா கலந்தால் யாருக்குத் தெரியும்" என்று யாராவது காதில் ஓதுவார்கள். கறி வைக்கிறவளுக்குத் தெரியும். விலையைக் கூட்டு, இல்லாவிட்டால் பைக்கற்றைச் சின்னதாக்கி நிறையைச் சரியாகப் போடு. தூளில் கை வைக்காதே.

எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் மழைதான். முதல் வருட மழைக்காலத்தில் அப்பளம் காயவில்லை. நாலு மாதம் தொழில் நின்றது. அடுத்த வருடம் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலில் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு இல்லை, ஆனால் உனக்கு அப்படியே பொருந்தும். கார்த்திகை, மார்கழியில் வாவி நிரம்பி, படுவான்கரை றோட்டெல்லாம் தண்ணீரில் கிடக்கும்போது மல்லியை எங்கே காயவைப்பாய்? ஆவணி, புரட்டாதி வெயிலிலேயே மாரிக்கு வேண்டிய மல்லியையும் மிளகாயையும் மொறுமொறு என்று காயவைத்து, காற்றுப் புகாத வாளியில் அடைத்துவை. ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்ததைக் கழுவிக் காயவைத்து அரைக்கிற கெட்டித்தனம் வேண்டாம், எறிந்துவிடு.

நட்டம் வந்தாலும் நன்கொடை வாங்குவதில்லை என்றும் அவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். இங்கே சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் சும்மா வந்த மெஷின்கள் எத்தனை வீட்டில் மூலையில் கிடக்கின்றன, நீயே எண்ணிப்பார். கிடைத்தால் வாங்காதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது வரும் என்று காத்திருக்காதே.

"வித்தாக் காசு" என்பார் பைக்கற்றை எடுக்கிற கடைக்காரர். முதல் தடவை சம்மதி. அடுத்த பைக்கற்றைப் பழைய காசு கைக்கு வந்த பிறகு குடு. சொந்தக்காரரிடம் இதைச் சொல்ல வாய் வராது. அதனால் முதலில் தெரியாதவர்களிடம் வில்.

கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் ஆரையம்பதியிலும் போடு, கொக்கட்டிச்சோலையிலும் போடு என்பார்கள். லிஜ்ஜத்தே 1961இல் மலாட்டில் ஒரு கிளை தொடங்கப் பார்த்துச் சரிவரவில்லை. பிறகு தீப்பெட்டியும் செய்து பார்த்தார்கள், அதுவும் எடுபடவில்லை. விட்டுவிட்டு அப்பளத்தைப் பார்த்தார்கள்.

கடைக்குப் போடுவதென்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீயே போய்க் கண்டு என்னென்ன வேண்டும் என்று கேள். நிறையும் தயாரித்த திகதியும் முடிவுத் திகதியும் லேபிளில் தெளிவாக இருக்கட்டும். கவர்ச்சியான பேர், கலர் படம், லோகோ எல்லாம் பிறகு. லிஜ்ஜத் என்ற பேரே தொழில் தொடங்கி மூன்று வருடம் கழித்து, 1962இல், ஒரு போட்டி வைத்துத் தெரிந்தெடுத்தது. பரிசு 5 ரூபாய். லோகோவுக்கு எடுத்துவைத்த காசில் மல்லி வாங்கு. எனக்கும் ரெண்டு பைக்கற் எடுத்துவை, கைக்காசுக்கு.