இமை நோகாமல் கண் மை கலைக்க

அரங்கேற்றமோ கல்யாண வரவேற்போ முடிந்து வந்த அலுப்பில், சோப்பைப் போட்டுக் கண்ணைத் தேய்க்காதீர்கள். இமைத்தோல் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது.

வாட்டர்ப்ரூஃப் மையிலும் மஸ்காராவிலும் மெழுகு உண்டு. அது தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்கு இளகும். கடையில் குலுக்கிப் பயன்படுத்தச் சொல்லும் இரண்டு அடுக்கு ரிமூவரில் மேலே எண்ணெய், கீழே நீர். அந்த நீரின் பி.எச். அளவு கண்ணீருக்கு நெருக்கமாக, அதாவது 7.4-ஐ ஒட்டி இருந்தால் எரிச்சல் குறையும்.

வீட்டில் தயாரிக்க நினைத்தால், தயவுசெய்து பன்னீர், கற்றாழைச் சாறு எதையும் கலந்து வைக்காதீர்கள். பதப்பொருள் சேர்க்காத நீர்க்கலவையில் கிருமி சீக்கிரம் பெருகும். கண்ணுக்கு அது பெரிய ஆபத்து. வாசனை சேர்க்காத மினரல் ஆயில் மட்டுமே போதும். எலுமிச்சை, சமையல் சோடா, யூகலிப்டஸ் தைலம் கண் பக்கமே வரக்கூடாது.

கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றுங்கள். ஈரப் பஞ்சில் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, மூடிய இமைமேல் அரை நிமிடம் அழுத்தாமல் வையுங்கள். மை இளகிப் பஞ்சில் கறுப்பாக இறங்கும். பிறகு மேலிருந்து கீழாக, இமைமுடியின் போக்கிலேயே துடையுங்கள். ஓரத்தில் தங்கியதை எண்ணெய் தொட்ட பட்ஸ் நுனியால் ஒற்றி எடுங்கள். அடுத்த கண்ணுக்கு வேறு பஞ்சு. எண்ணெய் உள்ளே போனால் பார்வை கொஞ்ச நேரம் மங்கும். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மறுநாளும் சிவப்பும் உறுத்தலும் இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.