கான்ட்ராஸ்ட் ஊசியில் உலோகம்: எதைக் கேட்டறிய வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, உத்திரமேரூர் பக்கம் விவசாயக் கூலி. கிரியேட்டினின் கொஞ்ச காலமாகவே 1.8. தலையில் கட்டி இருக்கலாம் என்று கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். ஊசியில் கேடோலினியம் இருக்கிறதாம். மாங்கனீசில் புது மருந்து வரப்போகிறது என்கிறார்கள். அதுவரை பொறுக்கலாமா டாக்டர்?
– வாசகி, உத்திரமேரூர்

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. தலைக்கட்டி சந்தேகத்தைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கேடோலினியம் என்ற உலோகம் தனியாகத் திரிந்தால் நஞ்சு. அளவில் கால்சியத்தை ஒத்திருப்பதால் கால்சியம் வேலை செய்யும் இடங்களில் புகுந்துவிடும். அதனால் ஒரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் ஊசியாகத் தருகிறார்கள். பழைய நீள்சங்கிலி வகைப் பூட்டு எளிதில் கழன்றது. சிறுநீரகம் செயலிழந்த சிலருக்குத் தோல் இறுகிக் கை கால் மடக்க முடியாமல் போனதற்கும் இந்த ஊசிக்கும் உள்ள தொடர்பு 2006இல் தெரியவந்தது. மூளையிலும் உலோகம் தங்குவதற்கான அறிகுறியை 2014இல் ஜப்பானிய மருத்துவர்கள் காட்டினார்கள். 2017இல் ஐரோப்பா நீள்சங்கிலி வகை ஊசிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. வளைய வகைப் பூட்டு மிக உறுதியானது.

புது மருந்து எதுவானாலும் படம் எவ்வளவு பளிச்சென்று விழுகிறது என்பதையே முதலில் சொல்வார்கள். நான் தேடுவது வேறு. இரத்தத்தில் உள்ள துத்தநாகம் போட்டிக்கு வந்தால் பூட்டு தாங்குமா? ஊசி போட்டுப் பல வாரம் கழித்து எலியின் எலும்பிலும் மூளையிலும் எவ்வளவு மிச்சம்? சிறுநீரகம் பழுதான எலியில் என்ன ஆனது? மாங்கனீசு உடம்புக்குத் தேவையான உலோகம்தானே என்று சமாதானம் சொல்ல முடியாது. அது மிகுந்தால் மூளையில் சேர்ந்து பார்க்கின்சன் போன்ற பாதிப்பு வரும். ஆகவே அதற்கும் இதே சோதனைகள்தான்.

கேடோலினியத்திலேயே முன்னேற்றம் இருக்கிறது. 2022இல் அமெரிக்கா அனுமதித்த கேடோபிக்லெனால் வளைய வகை. வழக்கமான அளவில் பாதி போதும்: 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மில்லிக்குப் பதில் 6 மில்லி.

அப்பாவின் வயதையும் கிரியேட்டினினையும் வைத்துக் கணக்கிட்டால் சிறுநீரக வடிகட்டும் திறன் சுமார் 42. கூடுதல் எச்சரிக்கை 30க்குக் கீழே போனால்தான். புதிதாக எடுத்த கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையில் கொண்டு போங்கள். “வளைய வகை மருந்துதானே?” என்று ஸ்கேன் எடுப்பவரிடம் கேளுங்கள். போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். புது மருந்து ஆய்வில் சேரச் சொன்னால், 2019ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகளின்படி உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்துச் சம்மதம் பெற வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.