ஒடிந்த கம்பைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

எட்டுப்பேர் டெண்டில் மூன்று வளைவுக் கம்புகளில் இரண்டு போய்விட்டன, புது செட் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தாய். கடைக்குப் போகுமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஒடிந்த துண்டுகளைக் குப்பையில் வீசியிருந்தால் போய்ப் பொறுக்கிக்கொண்டு வா. கையுறை போட்டுக்கொள். ஃபைபர் கம்பின் சிம்பு கையில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, ஊசிக்கும் வராது, நாள் முழுக்க அரித்துக்கொண்டிருக்கும். மலைமுகாம்களில் உன்னைப் போலப் புதிதாகக் கூடாரப் பொறுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் தபாலில் போடாமல் பத்திரிகையில் எழுதுகிறேன்.

துண்டுகளை ஒரு சாக்கின் மேல், கூடாரத்தில் இருந்த வரிசைப்படியே பரப்பு. எது காற்று வந்த பக்கம், எது நடு, எது கோடி என்று குறித்துக்கொள். பிறகு ஒடிந்த வாயைப் பார். 'காத்து ஒடிச்சிருச்சு' என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அதே இரவு, அதே முகட்டில், பத்தடி தள்ளி நின்ற இன்னொரு டெண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். காற்று இரண்டுக்கும் ஒன்றுதானே?

கம்பின் நுனி, இரும்புக் குழலுக்குள் செருகும் இடத்தில் நீளவாக்கில் பிளந்திருந்தால் பழியைக் காற்றின் மேல் மட்டும் போட முடியாது. அந்தத் துண்டு குழலுக்குள் முழுதாக இறங்காமல் ஒரு விரற்கடை வெளியே நின்றிருக்கும். வளையும்போது சுமை முழுவதும் அந்தச் சின்ன விளிம்பில் விழும். இழைகள் நீளவாக்கில் ஓடுவதால் பிளவும் அந்த வழியே ஓடும். உறைக்குள் கம்பை நுழைக்கும்போது தள்ளத்தான் வேண்டும். மறுமுனையைப் பிடித்து இழுத்தால் உள்ளே எங்கோ ஒரு மூட்டு கழன்றுகொள்ளும். துணி மறைத்திருப்பதால் உனக்குத் தெரியாது. துண்டுகளைக் கோக்கும் உள் எலாஸ்டிக் தளர்ந்த கம்பில் இது இன்னும் சுலபமாக நடக்கும். பெரும்பாலும் விருந்தினர் ஜீப்பில் வந்து இறங்கிவிட்ட அவசரத்தில்தான் யாராவது இழுப்பார்கள்.

துண்டின் நடுவில், கரும்பை முறித்தது போல நார் நாராக நின்றால் அது வேறு கதை. கம்பு தன் வளைவின் எல்லையைத் தாண்டியிருக்கிறது. தாங்க வேண்டிய வேறு ஏதோ ஒன்று தாங்கவில்லை. இழுகயிறு கட்டும் இடத்தை ஒட்டி ஒடிந்திருந்தால் கயிற்றைச் சந்தேகப்படு. ஒரு பக்கக் கயிறு விறைப்பாக இருக்க, எதிர்ப்பக்க முளை பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். கம்பு வெளுத்து, தடவினால் வெள்ளையாகத் தூள் உதிர்கிறதா? அது வெயிலின் வேலை. காற்று வராவிட்டாலும் அந்தக் கம்பு அடுத்த சீசனைப் பார்த்திருக்காது.

அலுமினியக் கம்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. இலேசாக வில் விழுந்த கம்பை அப்படியே விட்டுவிடலாம், அது கெடுதல் இல்லை. ஓரிடத்தில் மடிந்து, குழாய் சப்பையாகிவிட்டால் நிமிர்த்தப் போகாதீர்கள். நிமிர்ந்துவிடும், ஆனால் அடுத்த காற்றில் அதே இடத்தில் முறிந்து, அந்தக் கூர்வாய் மேல்துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

இனி உன் விஷயம். நீ அனுப்பிய படத்தில் இரண்டு கம்பும் துண்டின் நடுவில் ஒடிந்திருக்கின்றன. இன்னொரு படம், காற்றுக்கு முந்தின சாயங்காலம் எடுத்தது, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாசல் நீளப் பக்கத்தில் இருக்கும் சுரங்க வடிவ டெண்ட். சூரிய உதயம் படுத்தபடியே தெரிய வேண்டும் என்று வாசலைக் கிழக்கே வைத்திருக்கிறாய். ஆடி மாதத்தில் காற்று மேற்கிலிருந்து வரும். ஆக, கூடாரத்தின் முழு முதுகையும் காற்றுக்குக் காட்டியிருக்கிறாய். அதுவும் எங்கே? கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே. தமிழ்நாட்டில் காற்றாலைக்காரர்கள் தேடிப் போய் இறங்கிய கணவாய்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். அவற்றில் ஒன்றின் தலைமாட்டில் நின்றுகொண்டு காற்றைக் குறை சொல்லக்கூடாது.

கணக்கைப் பார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று, தன்னை நேராக மறிக்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 17 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். உன் டெண்டின் முதுகு 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம். பத்து சதுர மீட்டர், 170 கிலோ. வளைந்த முதுகு காற்றை வழுக்கிவிடும், 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தள்ளுபடி எல்லாம் போட்டுப் பாதியாக்கினாலும் ஓர் ஆள் முழு எடையோடு சாய்ந்து நிற்பதற்குச் சமம். அவர் சும்மாவும் நிற்கமாட்டார், விடிய விடிய இடித்துக்கொண்டிருப்பார். வேகம் இரட்டித்தால் விசை இரட்டிக்காது, நான்கு மடங்காகும். 40-இல் அலட்டிக்கொள்ளாமல் நின்ற டெண்ட் 80-இல் படுத்துவிட்டதே என்று ஆச்சரியப்படுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

சிறிய குவிமாட டெண்டுகளில் கம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும். பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடங்களிலிருந்து இந்த எண்ணத்தை எடுத்துக்கொண்டு 1975-இல் நார்த் ஃபேஸ் நிறுவனம் ஒரு மலையேற்ற டெண்ட் கொண்டுவந்தது. உன் பக்கத்தில் நின்ற குவிமாட டெண்ட் தப்பியதற்கும் பாதிக் காரணம் இந்த முட்டுதான். சுரங்க டெண்டில் வளைவுகள் தொடுவதே இல்லை, ஒவ்வொன்றும் தனியாள். குறுகிய கோடியைக் காற்றுக்குக் காட்டினால் காற்று அதன் மேல் வழுக்கிப் போகும். முதுகைக் காட்டினால் நடுக்கம்பு முதலில் போகும்.

இதற்கு முட்டுக் கொடுக்கத்தான் இழுகயிறுகள். அந்தப் படத்தில் அவை தைத்த இடத்திலேயே, கடையில் சுருட்டியபடி, தொங்கிக்கொண்டிருக்கின்றன. விருந்தினர் இராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது தடுக்கி விழுகிறார்கள், அதனால் கட்டவில்லை என்று சொல்வாய். தெரியும். எல்லா முகாமிலும் இதையேதான் சொல்கிறார்கள். வெள்ளைத் துணிப்பட்டை கட்டு, இரவில் ஒளிரும் கயிறு வாங்கு, நடைபாதையை மறுபக்கம் மாற்று. கயிற்றைக் கட்டாமல் விடுவது மட்டும் வேண்டாம். மேல்துணியின் உள்பக்கம், கயிறு தைத்திருக்கும் இடத்துக்கு நேர் பின்னால், ஒட்டுப்பட்டையோ நாடாவோ இருக்கும். அதைக் கம்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறாயா என்றும் பார். கட்டாவிட்டால் கயிறு துணியைத்தான் பிடிக்கும், கம்பைப் பிடிக்காது. நனைந்த நைலான் துணி நீளும். மழை தொடங்கி அரைமணி கழித்து ஒரு சுற்று வந்து எல்லாக் கயிறுகளையும் மறுபடி இழுத்துவிட வேண்டும். பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு.

பேனர் கட்டுகிறவர்கள் காற்றுக்குப் பிறை பிறையாக ஓட்டை வெட்டிவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, உள்ளே ஆள் தூங்குகிறார். காற்றடிக்கும் பக்கத்து வாசலையும் ஜன்னலையும் மட்டுமாவது இழுத்து மூடு. உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்கும்.

நடு இராத்திரியில் ஒடிந்தால் என்ன செய்வது? முதலில் ஒடிந்த வாயை டேப்பால் சுற்று, துணி கிழியாமல் இருக்க. டெண்டோடு வரும் பையில் பெரும்பாலும் சிறிய குழாய் ஒன்று இருக்கும். எதற்கென்று தெரியாமல் பலரும் தொலைத்துவிடும் பொருள் அதுதான். அதைக் கம்பில் கோத்து, ஒடிவு குழாயின் நட்டநடுவில் வரும்படி நகர்த்தி, இரு முனையிலும் டேப் சுற்று. குழாய் இல்லையென்றால் இரண்டு இரும்பு முளைகளை இருபுறமும் வைத்து இறுக்கிக் கட்டு. மூங்கில் பிளாச்சும் கட்டுக்கம்பியும் கூட ஓர் இரவைக் கடத்தும். ஆனால் கட்டுப் போட்ட இடம் விறைத்துவிடும், வளையாது. அது வளையாத பங்கையும் அடுத்தடுத்த துண்டுகள் சேர்த்து வளைய வேண்டிவரும். அதனால்தான் ஒரு கட்டோடு சீசன் முழுக்க ஓட்டியவர்களுக்குக் கட்டின் பக்கத்தில் மறுபடி ஒடிகிறது.

முழு செட் வாங்காதே. உனக்குத் தேவை இரண்டு துண்டுகள். ஃபைபர் கம்பு 8.5, 9.5, 11, 12.7 மில்லிமீட்டர் என்று பல தடிமன்களில் வரும். கண்ணால் பார்த்துச் சொல்லாதே, வெர்னியரால் அள. அரை மில்லிமீட்டர் மெலிந்தாலும் குழலுக்குள் ஆடும். ஆடினால் நுனி பிளக்கும், மேலே சொன்ன கதை திரும்பவும். நீளம் கூடினால் ஆக்ஸா பிளேடால் அறுக்கலாம், பல் நெருக்கமான பிளேடாக எடு. அறுக்கும் கோட்டின் மேல் டேப் சுற்றிவிட்டு, முகமூடி கட்டிக்கொண்டு, தண்ணீர் விட்டு அறு. அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அறுத்த வாயை உப்புத்தாளால் ஈரமாகவே தேய்த்து விடு. முடித்ததும் புதுக் கம்பை ஒடியாத மூன்றாவது கம்போடு தரையில் பக்கத்தில் வைத்துப் பார். உன் டெண்டில் மூன்று வளைவும் ஒரே நீளம். நீண்டுவிட்டால் உறையின் தையல் விடும், குறைந்தால் கூரையில் தண்ணீர் தேங்கும்.

எலாஸ்டிக்கையும் இந்தச் சாக்கிலேயே மாற்றிவிடு. பழையதை அளந்து அதே நீளம் வெட்டாதே, அது ஏற்கெனவே நீண்டுபோனது. துண்டுகளைக் கோத்தால் தானாக ஒன்றையொன்று தேடிச் சேர வேண்டும். மடித்தால் திமிறாமல் படுக்க வேண்டும். இரண்டும் நடந்தால் இறுக்கம் சரி. இனிமேல் கம்பைக் கழற்றும்போது நடு மூட்டிலிருந்து இரு பக்கமும் மடித்துக்கொண்டு போகச் சொல், பையன்கள் முனையிலிருந்துதான் தொடங்குவார்கள். எலாஸ்டிக் ஒரு பக்கமாகவே இழுபட்டுச் சாவது அதனால்தான்.

இவ்வளவும் செய்தாலும் தாங்காத காற்று வரும். அன்றைக்குக் கூடாரத்தை நீயே படுக்கவைத்துவிடு. ஆட்களை வெளியேற்று. கம்புகளை அடி ஊசியிலிருந்து விடுவித்து உருவு. காற்று வரும் பக்கத்து முளைகளை மட்டும் கடைசிவரை தொடாதே. நிறுத்தும்போது முதலில் அடிப்பதும், பிரிக்கும்போது கடைசியில் பிடுங்குவதும் அந்த முளைகள்தான். துணி தரையோடு படிந்ததும் மேலே கல் வை.

மூடிக் கிடக்கும் கூடாரம் பிழைக்கும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1911 ஜூலையில், அண்டார்க்டிக் குளிர்கால இருட்டில், பென்குயின் முட்டை தேடி கேப் குரோசியருக்குப் போன வில்சன், பவர்ஸ், செர்ரி-கரார்ட் மூவரின் கூடாரத்தைப் புயல் அடியோடு தூக்கிக்கொண்டு போயிற்று. கூடாரம் இல்லாமல் திரும்பிவர வழியே இல்லை. புயல் தணிந்தபின் ஏறக்குறைய அரை மைல் தள்ளி, சரிவின் அடியில், அதைக் கண்டெடுத்தார்கள். பறந்த வேகத்தில் கம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொண்டதால் துணி கிழியாமல் கிடந்தது. விரித்து நின்றிருந்தால் கந்தலாகியிருக்கும். அதன்பிறகு பவர்ஸ் தூங்கும்போது கூடாரத்தோடு தன்னையும் கயிற்றால் கட்டிக்கொண்டார் என்று செர்ரி-கரார்ட் எழுதிவைத்திருக்கிறார். பவர்ஸின் முரட்டுத்தனம் எனக்குப் பிடிக்கும், ஆனால் உன் விருந்தினரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர்கள் குழந்தை குட்டியோடு வருகிறவர்கள். டெண்டைப் படுக்கவைத்தால் அவர்கள் எங்கே படுப்பார்கள் என்பதற்குப் பகலிலேயே விடை வேண்டும்: எஸ்டேட் கொட்டகையோ, சமையல் ஷெட்டோ, ஜீப்போ. அந்த விடை இல்லாத முகாமில்தான் கம்பு ஒடியும்வரை காத்திருக்கிறார்கள்.

காற்றடைத்த குழாய்கள் உள்ள டெண்ட் வாங்கலாமா என்று உன் முதலாளி கேட்கிறாராம். வாங்கட்டும், கெட்டதில்லை. குழாய் ஒடியாது, காற்றில் மடங்கி, காற்று விட்டதும் எழுந்து நிற்கும். எடை கூட, விலை கூட, முள் குத்தினால் ஒட்டுப்போட வேண்டும். அதற்கும் இழுகயிறு உண்டு என்பதை வாங்குமுன் அவரிடம் சொல்லிவிடு. வாங்கியபின் அதையும் சுருட்டித் தொங்கவிடுவீர்கள்.

அடுத்த தடவை எழுதும்போது மூன்று அளவுகளை அனுப்பு: கம்பின் தடிமன், குழலின் உள்விட்டம், குழலைச் சேர்க்காமல் ஒரு துண்டின் நீளம். என்னிடம் 9.5-இலும் 11-இலும் மிச்சத் துண்டுகள் கிடக்கின்றன. பொருந்தினால் தேனி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், நீ கடைக்கே போக வேண்டியிருக்காது. வாசலை இன்றைக்கே வடக்கே திருப்பிவிடு. அதற்குக் கம்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, தரையில் முளை அடையாளத்தை மாற்றினால் போதும். உதயம் பார்க்க விரும்புகிறவர்கள் நாலடி வெளியே நடந்து வந்து பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்