மிதவைப் போராமினிபெராவின் ஓடு: சுவரும் வளர்ச்சியும்

கடலின் மேல்நீரில் மிதந்து வாழும் போராமினிபெரா ஓரணு உயிரிகளாகும். முதிர்ந்த உயிரியின் ஓடும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த அளவினதே. எனினும் ஆழ்கடல் தரையில் பரந்து கிடக்கும் குளோபிஜெரினாச் சேறு பெரும்பாலும் இவ்வோடுகளால் ஆனது. பண்டைக் கடல்களின் வெப்பநிலையை அறிய விழைவோர் இவற்றை ஆராய்கின்றனர். அவ்வாராய்ச்சி பிழைபடாதிருக்க, ஓட்டின் சுவர் எவ்வாறு எழுகிறது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

1. புதிய அறை தோன்றும் வகை

ஓடு பல அறைகளை உடையது. உயிரி வளருங்கால், கடைசி அறையின் வாயிலையொட்டிப் புதிய அறை சேர்கிறது. முதலில் புரோட்டோபிளாசம் வெளிப்பட்டு, வரவிருக்கும் அறையின் வடிவிற் பரவுகிறது. பின்னர் மெல்லிய கரிமச் சவ்வு ஒன்று உருவாகிறது. அச்சவ்வின் இருபுறத்திலும் கால்சைட் படிகிறது. சில மணி நேரத்திற்குள் அறை உருப்பெறுகிறது.

2. பழைய அறைகள் தடித்தல்

வெளிப்புறத்துக் கால்சைட் அடுக்கு புதிய அறையோடு நின்றுவிடுவதில்லை. முன்னைய அறைகளின் வெளிப்பரப்பையும் போர்த்துகிறது. நான்கு அறைகள் அடுத்தடுத்துத் தோன்றினால், அவற்றுள் முதலாவது நான்கு வெளியடுக்குகளையும், நான்காவது ஒன்றை மட்டுமே பெற்றிருக்கும். ஆகவே இறுதி அறையின் சுவர் பொதுவாக மெல்லியது, எளிதில் உடைவது.

3. இறுதிப் பூச்சு

சாக்குலிபர் என்னும் இனத்தில், இனப்பெருக்கத்திற்குச் சற்று முன்னர் முட்கள் கரைந்து நீங்குகின்றன. ஓட்டின் மேல் மற்றுமொரு கால்சைட் அடுக்கு படிகிறது. இதனை ஆலன் பே என்பார் 1980-இல் விளக்கினார். அதன்பின் பாலணுக்கள் வெளியேற, வெற்றோடு ஆழத்திற்குச் செல்கிறது. ஆர்புலினா யூனிவர்சா என்னும் இனத்திலோ, இரவிற் படியும் அடுக்கில் பகலடுக்கினும் மக்னீசியம் மிகுந்திருக்கிறது.

4. கருத்திற் கொள்ளத்தக்கவை

ஓர் ஓடு ஒரே நாளிற் படிந்ததன்று. பல நாட்களின் படிவுகளைத் தன்னுள் அடக்கியது. எனவே முழு ஓட்டைக் கரைத்துப் பெறும் அளவு ஒரு சராசரியே. அதனை ஒரு குறித்த நாளின் வெப்பநிலை எனக் கொள்ளுதல் தவறாகும். எடையை ஒப்பிடுவோர், ஒரே இனத்தைச் சேர்ந்த, ஒரே அளவுச் சல்லடையிற் பிரித்த ஓடுகளையே கொள்க. பார்மலினில் அமிலத்தன்மை இருப்பின் ஓடு கரையும். ஆதலின் போராக்ஸ் சேர்த்து அதனைப் போக்கிய பின்னரே மாதிரிகளை அதில் இடுக.

ஆசிரியர்கள் களிமண் உருண்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் அனைத்தின் மீதும் வண்ணத்தாள் ஒட்டிக் காட்டலாம். இறுதியில் அதனைக் குறுக்கே அறுத்தால், முதல் உருண்டையின் மேற்புறம் தடித்திருப்பதை மாணவர் தாமே கண்டுணர்வர்.