ரத்த குரூப் சேர்ந்தால் மட்டும் போதாது!

"எனக்கும் என் சம்சாரத்துக்கும் ஒரே ஓ பாசிட்டிவ். அப்புறம் ஏன் ஐயா, என் கிட்னி அவளுக்குச் சேராதுங்கிறாங்க?"

மேல்பட்டாம்பாக்கம், நெய்வேலிப் பக்கமிருந்து வேலூருக்கும் புதுவைக்கும் போய் வரும் குடும்பங்கள், சித்த வைத்தியனான என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

ரத்த குரூப் வாசற்படி மட்டுமே. ஓ குரூப்காரர் யாருக்கும் கொடுக்கலாம். ஏபி குரூப்காரர் யாரிடமும் வாங்கலாம். பாசிட்டிவ், நெகட்டிவ் வித்தியாசம் கிட்னிக்குக் கணக்கில்லை.

அடுத்தது எச்.எல்.ஏ. பரிசோதனை. நம் செல்களின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருகிறது. உடன்பிறந்தவர்களுக்குள் முழுசாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு; அறவே பொருந்தாமல் போகவும் அதே நாலில் ஒரு பங்கு. 1954-ல் பாஸ்டனில் டாக்டர் ஜோசப் முர்ரே முதன்முதலில் வெற்றி கண்டது ஒரே அச்சான இரட்டையரிடம்தான். ஆனால் இன்று நல்ல மருந்துகள் இருப்பதால், இந்தப் பொருத்தம் குறைந்தாலும் கணவன் மனைவிக்குள் கொடுத்து, வாங்கி நன்றாக இருக்கிறார்கள்.

பிறகு எங்கே இடிக்கிறது? 'கிராஸ்மேட்ச்' சோதனையில்!

கொடுப்பவரின் வெள்ளணுக்களோடு, பெறுபவரின் சீரத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அணுக்கள் செத்தால், அந்தக் கிட்னியைத் தாக்க ஆன்டிபாடி ஏற்கெனவே தயாராக இருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வரும். நல்ல சேதி என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், இங்கே நெகட்டிவ்தான் நல்லது. 1969-ல் பட்டேல், டெராசாகி என்ற இருவர் அமெரிக்காவில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். பாசிட்டிவாக இருந்தும் மாற்று செய்த 30 பேரில் 24 பேருக்குக் கிட்னி உடனே செயலிழந்தது. நெகட்டிவ் 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்குத்தான்.

இந்த ஆன்டிபாடி எங்கிருந்து வந்தது? முன்பு ஏற்றிய ரத்தத்திலிருந்து வரலாம். பழைய கிட்னி மாற்றிலிருந்து வரலாம். பெண்களுக்குக் கர்ப்பத்திலிருந்தும் வரும். வயிற்றுப் பிள்ளையிடம் பாதி அடையாளம் அப்பாவுடையது அல்லவா? தாயின் உடம்பு அதை அந்நியமாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. வருஷங்கள் கழித்து அதே கணவர் கிட்னி கொடுக்க முன்வரும்போது, பழைய கணக்கு எழுந்து நிற்கிறது. அதில் அந்த அம்மாள் மேலும் குற்றமில்லை, அவர் மேலும் குற்றமில்லை. பிள்ளை பெற்ற எல்லோருக்கும் இப்படி ஆவதுமில்லை.

ஆகவே டாக்டரிடம் எத்தனை கர்ப்பம், கலைந்தது உட்பட, எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றியது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே என்று விழுங்கிவிடாதீர்கள். டயாலிசிஸ் காலத்தில் ரத்தசோகைக்கு ரத்தம் ஏற்றுவதா, ஊசி போதுமா என்றும் கேளுங்கள்.

"பாசிட்டிவை நெகட்டிவ் ஆக்கச் சூரணம் உண்டா?" என்றும் கேட்கிறார்கள். இல்லை. கிட்னி கெட்டவர் தானாகப் பற்பம், செந்தூரம் சாப்பிடுவது ஆபத்து என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

பொருந்தவில்லை என்றால் வழி அடைத்துவிடவில்லை. இதே சிக்கலில் இருக்கும் வேறொரு ஜோடியோடு கிட்னியை மாற்றிக்கொள்ள 2011-ல் திருத்திய சட்டம் இடம் தருகிறது. ஆன்டிபாடியைக் குறைக்கும் சிகிச்சையும் உண்டு, செலவு அதிகம். மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்கும் பதிவு செய்து வைக்கலாம். காத்திருக்கும்போது புதிதாக ரத்தம் ஏற்றினால் மறக்காமல் தெரிவியுங்கள். சோதனையைத் திரும்ப எடுக்க வேண்டும்.