கடலுக்கடியில் மாதவிடாய்க் கப்

கேள்வி: அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்யும் நாளில் மாதவிடாய் வரும்போலிருக்கிறது. கப் வைத்துக்கொண்டு இறங்கலாமா?
– வாசகி, எம்.கே.பி. நகர்

பதில்: தாராளமாக. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும். ஆனால் உடலெங்கும் சமமாகப் பரவுவதால் கப் நசுங்காது.

பயணம்தான் உண்மையான சோதனை. சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் சுமார் 60 மணி நேரம். நாப்கினை எங்கே போடுவது என்ற தவிப்பு அங்கே பெரிது. கப்பை 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். கழுவ ஒரு பாட்டில் குடிநீர் போதும். எடுக்கும்போது காம்பை வெடுக்கென இழுக்காமல், அடிப்பகுதியைக் கிள்ளிப் பிடிப்பைத் தளர்த்த வேண்டும். கை பழக இரண்டு மூன்று மாதமாகலாம். வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. காப்பர்-டி பொருத்தியவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஆலப்புழை நகராட்சி 2019-ல் ‘திங்கள்’ திட்டத்தில் 5,000 கப்களை இலவசமாக வழங்கியது. உங்கள் வடசென்னைப் பெண்களுக்கும் அதுபோலக் கிடைக்க வேண்டும்.